பக்கவாதத்துக்குப் பிறகு இடப்பக்கம் தெரியவில்லை: கண்ணாடி மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் இழுத்துக்கொண்டது. இப்போது கோலூன்றி நடக்கிறார். ஆனால் இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது. தட்டில் இடப்பக்கம் இருக்கும் களியைத் தொடுவதே இல்லை. கண் டாக்டர் ‘கண் நல்லா இருக்கு’ என்கிறார். இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பலனில்லை. யாரைப் பார்ப்பது? (வாசகி, பாலக்கோடு)

பதில்: டாக்டர் சொன்னது சரிதான். கண் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் மூளைப்பகுதி அடிபட்டிருக்கிறது. வலப்பக்க மூளை பாதித்தால் இரண்டு கண்ணிலுமே இடப்பாதி மறையலாம். இதை ‘இடது கண் போச்சு’ என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பவரும் இதைச் சரிசெய்யாது. மூன்றாவது கண்ணாடிக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இனி ஆப்டோமெட்ரிஸ்டைப் பாருங்கள். பவர் பார்ப்பவர்தானே என்று நினைக்க வேண்டாம். எந்தப் பகுதி, எவ்வளவு தெரியவில்லை என்று ஃபீல்டு டெஸ்ட் எடுப்பதும், இரண்டு கண்ணும் சேர்ந்து அசைகிறதா என்று பார்ப்பதும், மிச்சப் பார்வையைப் பயன்படுத்தப் பழக்குவதும் அவர் வேலைதான். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் கேளுங்கள். பக்கவாத டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேனும் கையில் இருக்கட்டும்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய இடப்பக்கம் ஒரு விரலை ஆட்டுங்கள். தெரியவே இல்லை என்றால் பார்வைப் பரப்பு போயிருக்கலாம். தனியாக ஆட்டினால் தெரிகிறது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்டினால் வலது மட்டும்தான் தெரிகிறது என்றால், பார்வை இருக்கிறது. கவனம்தான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் போர்டில் ‘பாலக்கோடு’ என்பதை ‘கோடு’ என்று படிப்பவர்கள் இந்த வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பார்வை மட்டும் குறைந்தவர் சொன்னதும் தலையைத் திருப்பப் பழகிவிடுவார். கவனம் போனவருக்குப் பெரும்பாலும் தனக்குக் குறை இருப்பதே தெரியாது. அவரிடம் கோபித்துப் பயனில்லை, பொறுமைதான் வேண்டும்.

பயிற்சி எளிமையானது. பேப்பரின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போடுங்கள். அது கண்ணில் படும்வரை திரும்பிவிட்டு வரியைப் படிக்கட்டும். சாப்பிடும்போது தட்டைச் சுற்றி விடுங்கள். மாத்திரை, தண்ணீர், போன் வலப்பக்கமே இருக்கட்டும். அந்தப் பக்கம் திரும்பிப் பழக, உட்கார்ந்து பேசுபவர்கள் இடப்பக்கம் உட்காரலாம். வாசலைத் தாண்டும் முன் தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பும் பழக்கம் வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021இல் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதுதான்) பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் இதையும் சொல்லுங்கள். இடப்பக்கம் தெரியாதவருக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் விதமே மாறும்.

தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பழகிச் சமாளிப்பதற்குக் காலக்கெடு இல்லை.

இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் கதை வேறு. கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் (பிம்பத்தை நகர்த்திக் காட்டும் வில்லை) பலருக்குக் கைகொடுக்கும். பைஃபோகல் போட்டிருந்தால், நடக்க ஒன்று, படிக்க ஒன்று என்று தனித்தனியாக மாற்றுங்கள். படியிறங்கும்போது கீழ்ப்பாதி மங்கித்தான் பலர் விழுகிறார்கள்.

டிவிஎஸ் எக்ஸெல் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள், அப்பா எவ்வளவு கேட்டாலும். திடீரென்று ஒரு கண் இருண்டு சில நிமிடத்தில் தெளிந்தாலும், புதிதாக இரட்டையாகத் தெரிந்தாலும், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அது மறுபடி பக்கவாதம் வருவதன் அறிகுறியாக இருக்கலாம். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம்.