பனையை வெட்டாமல் கார் நிறுத்த இடம்: கேள்வி பதில்

உச்சிப்புளி வாசகர்: மண்டபத்துக்குப் பக்கத்தில் 53-க்கு 100 அடி மனை. கிழக்கு ஓரமாக மூன்று பனை நிற்கிறது. வெட்டிவிட்டு, கார்களைச் சரித்து நிறுத்தினால் இடம் மிச்சம் என்கிறார் எங்கள் இன்ஜினியர். சரியா சார்?

இரண்டுமே வேண்டாம். காருக்கு 8¼ அடி அகலம், 16½ அடி நீளம். நேராக இருபுறமும் நிறுத்தி நடுவே 20 அடி பாதை விட்டால் கச்சிதமாக 53 அடி. சரித்துப் போட்டால் (45 பாகை) குறுகலான ஒருவழிப் பாதை போதும், அகலத்தில் 5½ அடி மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு காரும் ஓரத்தில் 11 அடி 8 அங்குலம் தின்றுவிடும், வெளியேற இன்னொரு வாசலும் தேவை. 30 அடி அகலத் துண்டு மனைக்குத்தான் அது லாயக்கு.

கடைசிக் கார் பின்னால் எடுத்துத் திரும்ப 4 அடி விடுங்கள். மேற்கில் 11 கார் நிற்கும். கிழக்கில் பனை ஒன்றுக்கு 5 அடி அகல நிலத்துண்டு விட்டால் 9. மூன்று பனைக்கு இழப்பு இரண்டே கார்! அந்தத் துண்டுக்குள் தோண்டவோ மண் ஏற்றவோ கூடாது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-லேயே அரசு அறிவித்திருப்பதும் நினைவிருக்கட்டும்.

மண்டபம் வாசகர்: புல் கல் (குழிகளில் புல் வளர்க்கும் கான்கிரீட் கல்) பதித்தோம். டயர் போகும் தடம் பள்ளமாகிவிட்டது, புல்லும் கருகிவிட்டது.

வெறும் மணல்மேல் பதித்திருப்பார்கள். பெயர்த்துவிட்டு ஓர் அடி தோண்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி), மேலே தூசி இல்லாத ஜல்லி 8 அங்குலம், மறுபடி துணி, ஓர் அங்குல மணல், பிறகு 80 மி.மீ. கல். இரண்டாவது துணியை விட்டுவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி மறுபடி பள்ளம்தான். நான்கு ஓரத்திலும் கான்கிரீட் கட்டை இல்லாவிட்டால் கற்கள் விலகும். கடற்கரை மணலைத் தொடாதீர்கள், உப்பு. குழியை விளிம்புவரை நிரப்பினால் டயர் புல்லின் குருத்தை நசுக்கும். அரை அங்குலம் குறைத்து நிரப்பி அருகம்புல் நடுங்கள். உப்புத் தண்ணீரைப் பல புற்களைவிட நன்றாகத் தாங்கும்.

ராமேஸ்வரம் விடுதிக்காரர்: காரின்மேல் கார் நிறுத்தும் இரண்டடுக்கு லிஃப்ட் வாங்கலாமா?

கீழ்க் காரை எடுத்தால்தான் மேல்கார் இறங்கும். விடிகாலை தீர்த்தமாடக் கிளம்பும் யாத்ரீகர்களிடம் அது சண்டையில் முடியும். உப்புக்காற்றில் முதலில் போவது சங்கிலியும் லிமிட் சுவிட்சும் (லிஃப்டை உரிய உயரத்தில் நிறுத்தும் சுவிட்ச்). பெயின்ட் அடித்த இரும்பு கூடவே கூடாது, ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததை (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததை) கேளுங்கள். இடம் அறவே இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள்.

உச்சிப்புளி வாசகர் மறுபடி: பனம்பழம் கார்மேல் விழாதா?

ஆண் பனை என்றால் கவலையில்லை. பெண் பனையில் நுங்குப் பருவத்திலேயே குலையை இறக்கிவிடுங்கள்.