57 பெல் ஏர் ஹார்ட்டாப் விற்பனைக்கு: வாங்கும் முன் கேளுங்கள்

ஒஹாயோவில் ஒரு கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரம் இப்படி: "1957 செவ்ரோலே பெல் ஏர், இரண்டு கதவு ஹார்ட்டாப், 283 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர், மெட்டடார் ரெட் பெயிண்ட், இந்தியா ஐவரி கூரை, எண்கள் எல்லாம் பொருந்தும், புது கார்பெட், பாடியைச் சேஸிஸிலிருந்து பிரித்துப் புதுப்பித்தது." இதை எனக்கு அனுப்பி "வாங்கலாமா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். 55, 56, 57 செவ்ரோலேக்களின் பாடி வேலைதான் என் தொழில். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: ஹார்ட்டாப் என்றால் கூரையைக் கழற்றி மாட்டலாமா சார்?

முடியாது. கூரை நிலையானது, இரும்பு. முன்கதவுக்குப் பின்னால் வழக்கமாக நிற்கும் நடுத்தூண் இதில் இருக்காது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே திறப்பு. திறந்த காரின் அழகும் வேண்டும், மழையில் நனையவும் கூடாது என்றவர்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் ப்யூக், கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் மூன்றிலும் இதைக் கொண்டுவந்தது. செவ்ரோலேவுக்கு 1950இல் வந்தது. பெல் ஏர் என்ற பெயரே முதலில் அந்த ஹார்ட்டாப்புக்கு வைத்ததுதான். 1953இல்தான் அது தனி வரிசையின் பெயரானது. அமெரிக்காவில் தயாரான கடைசித் தூணில்லாக் கார்கள் 1978 கிரைஸ்லர்கள்.

தூண் இல்லாததை அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அது சுமந்திருக்க வேண்டிய பாரம் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பகுதிக்கும் தரைக்கும் போகிறது. அங்கே துரு பிடித்தால் பாடி நடுவில் தொய்யும். அதனால் இந்தக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கார்பெட்டைத் தூக்குங்கள். "புது கார்பெட்" என்று எழுதியிருந்தால் கட்டாயம் தூக்குங்கள்.

கேள்வி: விற்பவரிடம் கேட்டு அடையாளத் தகட்டைப் படம் எடுத்தேன். விபி57என் என்று தொடங்குகிறது, பிறகு ஆறு இலக்கம். சரிதானே அண்ணா?

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். இது பெல் ஏராகப் பிறந்த கார் இல்லை.

1957இல் மூன்று வரிசைகள்: ஒன்-ஃபிஃப்டி, டூ-டென், பெல் ஏர். ஆறு சிலிண்டர் என்றால் முறையே ஏ, பி, சி. வி8 என்றால் முன்னால் ஒரு வி சேரும்: விஏ, விபி, விசி. 57 ஆண்டு. என் என்பது ஒஹாயோவின் நார்வுட் ஆலை. ஆக, உங்கள் படத்தில் இருப்பது நார்வுட்டில் செய்த டூ-டென் வி8. வி8 என்றது பொய்யில்லை, பெல் ஏர் என்றதுதான் பொய்.

இன்னொரு தகட்டையும் பாருங்கள். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்சுவரில் பாடித் தகடு இருக்கும். ஸ்டைல் எண் 57-1037டி என்றால் பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப். கடைசியில் டி இல்லாமல் 57-1037 மட்டும் இருந்தால் டூ-டென்.

மாற்றுவது கஷ்டமே இல்லை. பின்பக்கவாட்டில் வரும் கோடு போட்ட அலுமினியத் தகடு, தங்க நிற கிரில், முன் மட்கார்டில் மூன்று தங்கக் குறிகள் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கேள்வி: டூ-டென்தான் குறைவாகச் செய்தார்களாமே. அப்படியானால் விலை கூடத்தானே வேண்டும்?

குறைவுதான். பெல் ஏர் இரண்டு கதவு ஹார்ட்டாப் 1,66,426, டூ-டென் 22,631. ஆனாலும் ஜனங்கள் ஆசைப்படுவது பெல் ஏருக்கு, விலையும் அதற்குத்தான். சிறுவயதில் தெருவில் பார்த்து ஏங்கிய கார் எதுவோ அதற்குத்தான் பணம் கொடுப்பார்கள்.

கேள்வி: சென்னைக்குக் கொண்டுவர வரி எவ்வளவு ஆகும்?

சுங்க முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: எண்கள் பொருந்தும் என்று போட்டிருக்கிறதே. எஞ்சின் அசல் என்றுதானே பொருள்?

1957 செவ்ரோலேவில் காரின் அடையாள எண்ணை எஞ்சினில் பொறிக்கவே இல்லை. பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பு உடல்) மேல் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆலையின் எழுத்து, மாதம், தேதி, கடைசியில் எஞ்சின் வகைக்கான எழுத்து. அவ்வளவுதான். அது காருடைய தயாரிப்புக் காலத்துக்கு ஒத்துவருகிறதா என்று சொல்லலாம். இதே காரோடு வந்த எஞ்சின் என்று அந்த எண்ணை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: மன்னிக்கணும், ஒத்துக்கொள்ள முடியாது. என் நண்பர் கார் கண்காட்சிகளில் நடுவராக இருப்பவர். பொருந்தும் என்று அவரே உறுதியாகச் சொல்கிறார்.

உங்கள் நண்பருக்கு மரியாதையோடு சொல்கிறேன்: எதோடு எது பொருந்துகிறது என்று கேளுங்கள். பின்னாளைய செவ்ரோலேக்களான ஷெவெல், கமாரோ கார்களில் பிளாக்கில் காரின் வரிசை எண் இருக்கும். அந்தப் பேச்சு அங்கிருந்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

கேள்வி: பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கிறதே! அதிலேயே 7 என்று முடிகிறதாம். 1957 தானே?

பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பருகே ஓர் எழுத்து, ஒரு தேதி, ஓர் இலக்கம் இருக்கும். ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே எல் வரை. ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டும். 283 எஞ்சினை 1967 வரை செய்தார்கள். ஆக 7 என்பது 57ஆகவும் இருக்கலாம், 67ஆகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. 57இல் எஞ்சின் முன்பக்கத்து மவுண்டில் (எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு) உட்காரும். பிளாக்கின் இரு பக்கவாட்டிலும் மவுண்ட் போல்ட்டுக்கான புடைப்பு இருக்காது. 58 முதல் இருக்கும். காருக்குக் கீழே குனிந்து பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். புடைப்பும் ஓட்டையும் இருந்தால் அது பிந்தைய எஞ்சின். நடுவர் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இருவரும் சேர்ந்தே பார்க்கலாம்.

கேள்வி: எண்கள் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

மேலே உள்ள மூன்று பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: மீட்டரில் 41,000 மைல். நம்பலாமா?

மீட்டரில் ஐந்து இலக்கம்தான். ஒரு லட்சம் மைலில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பிரேக் பெடலின் ரப்பரையும் கதவுக் கீலையும் பாருங்கள்.

கேள்வி: பிரேக்கை மாற்றினால் அசல் தன்மை போய்விடாதா?

மாற்றுங்கள். நாலு சக்கரத்திலும் டிரம், பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரைக்குப் போகும், நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். ஜெனரல் மோட்டார்ஸே 1967இல் இரட்டை அறைக்கு மாறியது. பழைய பாகத்தை எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள், வேண்டுமென்றால் திருப்பி மாட்டலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒற்றை அறை பிரேக்கில் ஹைவேயில் போகாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: எண்கள் பொருந்தும் காருக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

1957 காருக்கு ஒரு டாலர்கூட வேண்டாம். எண்களைப் பற்றிய கேள்விகளுக்கு இனி பதில் சொல்லப் போவதில்லை. துருவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை, எனக்கு அதுதான் வருத்தம். எஞ்சினைக் கழற்றி வேறு போடலாம். அழுகிய பாடிக்குச் செலவழிக்கும் பணத்துக்குக் கணக்கே இருக்காது.

கேள்வி: சரி அண்ணா, நான் கேட்கிறேன். துருவை எங்கே தேடுவது?

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் எடுத்துப் போங்கள். முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதி, ஹெட்லைட்டுக்கு மேல் புருவம், பின்பக்கவாட்டின் அடிப்பகுதி. காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டிதான். பிறகு டிக்கி விரிப்பைத் தூக்கித் தரையையும் ஓரப் பள்ளங்களையும் பாருங்கள். கார்பெட்டுக்குக் கீழே ஓட்டுநர் காலடி. கடைசியாகக் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, தரைக்குக் குறுக்கே ஓடும் பட்டைகளையும் பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும்.

அப்புறம் ஹார்ட்டாப்புக்கே உரிய சோதனை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவுக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் சந்திக்கும் ரப்பரை வெளியே நின்று பாருங்கள். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் அகன்றால் கண்ணாடியைச் சரிசெய்தால் போதுமா, பாடியே தொய்ந்திருக்கிறதா என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

கேள்வி: கடைசியாக, இதை நான் வாங்கலாமா?

டூ-டென் விலைக்குத் தந்தால், தரை நன்றாக இருந்தால், வாங்கலாம். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஓட்டுநர் கதவுக் கீல் தூணில் உள்ள தகடும் ஓரெழுத்து விடாமல் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டின் வெல்டிங்கை யாராவது நோண்டியிருந்தால் பணத்தை எடுக்காமலே திரும்பிவிடுங்கள். லிஃப்டில் ஏற்றியதும் தரைப் பட்டைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி. முன்பணம் அதற்குப் பிறகு.