நம்மூர் முள்ளா, சீமை முள்ளா? இந்தத் தடவை வந்த கேள்விகள்

இது என்ன மரம், என்ன செடின்னு கேட்டு இந்தத் தடவை வந்ததுல பாதி வெறும் இலை போட்டோ. எத்தனை தரம் சொல்றது, பூவோ காயோ இல்லாம அனுப்பாதீங்க. நீங்க கேட்டது எல்லாம் அவரைக் குடும்பம், அந்தக் குடும்பத்துல இலை எல்லாம் தூரத்துலேர்ந்து ஒரே மாதிரி தான் தெரியும்.

ஊருணிக்கரையில நிக்குறது நாட்டுக் கருவேலமா, சீமைக் கருவேலமா? (விருதுநகர்)

உங்க போட்டோல கொஞ்சம் இலையும் நிறைய வானமும் தெரியுது, அதை வச்சு நான் என்ன சொல்ல. முள்ளை வச்சும் முடிவு பண்ண முடியாது, ரெண்டுக்குமே காம்படியில ஜோடி ஜோடியா நேரா நிக்கும். பூ நல்ல மஞ்சள் உருண்டைன்னா நாட்டுக் கருவேலம். வெளுத்த மஞ்சள்ல விரல் நீளத்துக்குக் கதிரா தொங்குனா சீமை. காய் இருந்தா சந்தேகமே வராது, நாட்டுக் கருவேலங்காய் மணி கோத்த மாதிரி விதைக்கு விதை ஒடுங்கி சாம்பல் பூத்திருக்கும், சீமையோடது வைக்கோல் நிறத்துல தட்டையா ஒரே நீட்டு.

இளைஞர்கள் எல்லாம் சேர்ந்து ஜேசிபி வச்சு கண்மாய்ல இருக்குற சீமைக் கருவேலத்தை எடுக்கப் போறோம். கரையில கோயில் ஓரமா பழைய முள்ளுமரம் ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்து எடுத்துடலாமா? காத்துல இருக்குற ஈரத்தையே உறிஞ்சிடுமாமே. காமராஜர் காலத்துல அமெரிக்காகாரன் விதை தூவுனதா சொல்றாங்க. (முதுகுளத்தூர்)

அந்த மரத்தைத் தொடாதீங்க, முதல்ல ஜேசிபிய நிறுத்துங்க. கோயில் ஓரம், பழைய மரம், முள்ளு, இந்த மூணையும் சேர்த்துக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது, ஏன்னா பத்துக்கு அஞ்சு தடவை அது வன்னியா இருக்கும். விருத்தாசலம் கோயில்ல தலமரமா வச்சுக் கும்பிடுற அதே வன்னி தான், ராஜஸ்தான்ல மாநில மரம். 2017-ல சீமைக் கருவேலத்தை எடுக்கச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளை போட்ட உத்தரவுக்குப் பின்னாடி ஊர் ஊரா கிளம்புனாங்க பாருங்க, அப்ப சீமைக் கருவேலத்தோட சேர்ந்து நம்மூர் மரமான வன்னியும் குடைவேலமும் வெள்வேலமும் எத்தனை போச்சுன்னு யாரும் கணக்கெடுக்கல. முள்ளு இருந்தா சீமைன்னு முடிவு, அவ்ளோதான். அறுபது எழுபது வருஷ மரம் அரை மணி நேரத்துல சாய்ஞ்சு கிடக்கும், சாயங்காலம் மரக்கன்னு நட்டு செல்ஃபி வேற.

வன்னியைக் கண்டுபிடிக்க முள்ளு எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. சீமைக்கு இலை கிளம்புற கணுவுல ஜோடியா வரும். வன்னிக்கு கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல, தண்டு மேல அங்கொண்ணு இங்கொண்ணா, அடி அகலமா குட்டையா இருக்கும். இலை சின்னதா சாம்பல் கலந்த பச்சை. காய் ஒல்லியா உருண்டையா கொத்தா தொங்கும், தட்டையா இருக்காது. சீமை பெரும்பாலும் தரையிலேர்ந்தே நாலஞ்சு தண்டா கிளம்பும், வன்னி ஒத்தை மரமா பட்டை வெடிச்சு நிக்கும், ஆனா இதை மட்டும் நம்பாதீங்க, வயசான சீமையும் ஒத்தை மரமா நிக்கும்.

காத்து ஈரம் உறிஞ்சுறது வாட்ஸப் கதை. தண்ணியை வேர் வழியா மண்ணுலேர்ந்து தான் எடுக்குது. கண்மாயை அடைச்சுக்கிட்டு கீழ புல்லு கூட வரவிடாம பண்றது நிஜம், அந்தக் கெடுதலே போதும், இல்லாததைச் சேர்க்க வேணாம். காமராஜர் கதையும் வேணாம். ஜமைக்காவுலேர்ந்து வந்த விதையை 1877 வாக்குல கடப்பா பக்கம் கமலாபுரத்துல போட்டாங்க, கேட்டு வாங்குனது வனத்துறை அதிகாரி பெட்டோம். காமராஜர் பிறந்ததே 1903-ல.

எடுக்குறதுன்னா வேரோட எடுங்க, தண்டை வெட்டுனா ஒண்ணுக்கு பத்தா துளிர்க்கும். காய் பழுக்குறதுக்கு முன்னாடி எடுங்க, ஆடு மாடு தின்னுட்டு சாணியில விதைச்சுட்டுப் போயிடும். அதுக்கும் முன்னாடி ஒவ்வொரு மரமா நடந்து பார்த்து நம்மூர் மரத்துக்கு சுண்ணாம்பு அடிச்சு வைங்க.

ரோட்டோரம் ஆவாரம்பூ பறிச்சேன் டீக்கு. இலையை கசக்குனா நாத்தம் வருது, இது ஆவாரை தானே? (திருப்பூர்)

கீழ போடுங்க. அது பேயாவாரை, அமெரிக்கப் பக்கத்துச் செடி. ஆவாரைக்கு காம்படியில காது மாதிரி பெரிய இலைச்செதில் இருக்கும், ஒவ்வொரு ஜோடி இலைக்கு நடுவுலயும் சின்ன சுரப்பி இருக்கும், காய் காகிதம் போல தட்டை. பேயாவாரைக்கு நாலஞ்சு ஜோடி கூர் இலை, ஒரே ஒரு சுரப்பி அதுவும் காம்போட அடியில. உத்தரப் பிரதேசத்துல இந்த விதையைத் தின்ன குழந்தைங்களுக்கு ஈரலும் மூளையும் பாதிச்சு இறந்திருக்காங்க. தெரியாத பூவைப் பறிச்சு டீ போடுறவங்களுக்கு நான் என்ன சொல்ல.

புளி, கொடுக்காப்புளி ரெண்டும் நாட்டு மரம் தானே? நாட்டு மரம் மட்டும் தான் நடுவேன். (தேனி)

புளி ஆப்பிரிக்கா, கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கம். தாராளமா நடுங்க. வெளியிலேர்ந்து வந்த எல்லாமே காட்டை அழிச்சுடும்னு இல்ல.

பசுந்தாள் உரத்துக்கு கொழுஞ்சி விதை எடுக்கணும், அவுரியும் கூடவே கலந்து கிடக்கு, எப்படிப் பிரிக்க? (புதுக்கோட்டை)

ஒரு காம்புல வரிசையா இருக்குற சின்ன இலையில, அதான் சிற்றிலை, ஒண்ணை ரெண்டு முனையிலயும் பிடிச்சு இழுங்க, கொழுஞ்சின்னா ஆங்கில வி எழுத்து மாதிரி கிழியும். காயும் தட்டை. அவுரிக்கு காய் ஒல்லி உருண்டை, காஞ்ச இலை கருநீலமா மாறும்.

தலைக்குத் தேய்க்குற அரப்புக்கு சவுண்டல் (சூபாபுல்) இலை ஆகுமா? (ஈரோடு)

ஆகாது. அரப்பு உசிலை இலையில தான்.

வீட்டு முன்னாடி மஞ்சப் பூ பூக்குற கொன்றை நடணும், நர்சரியில எதைக் கேக்க? (கூடலூர்)

உங்க ஊர்ல இதைக் கேக்குறீங்களே, பக்கத்துல முதுமலையில சென்னா ஸ்பெக்டாபிலிஸ்ங்கிற அமெரிக்கக் கொன்றை காட்டை மூடிக்கிட்டு வருது, வெட்டி பேப்பர் மில்லுக்கு அனுப்பிட்டு இருக்காங்க. சரக்கொன்றை கேளுங்க. அதுக்குப் பூ சரமா கீழ தொங்கும், சிற்றிலை உள்ளங்கை பெருசு, நாலுலேர்ந்து ஏழு ஜோடி. அந்த அமெரிக்கக் கொன்றைக்குப் பூ கிளை நுனியில நிமிர்ந்து நிக்கும், சின்ன சின்ன இலை, பெரும்பாலும் பத்து ஜோடி வாக்குலயோ அதுக்கு மேலயோ. கன்னுல பூ இருக்காது, அதனால இலையை எண்ணிப் பாருங்க, கடைக்காரர் எல்லாம் ஒண்ணு தான்னு சொன்னா வேற கடைக்குப் போங்க.