பவளத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்: குழாயா, ஆர்.ஓ.வா?

கேள்வி: 200 லிட்டரில் புதிதாக ஒரு பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) அமைக்கப் போகிறேன். எங்கள் குழாய்த் தண்ணீரைத்தான் வீட்டில் எல்லோரும் குடிக்கிறோம், ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பல வருஷமாக நன்னீர் மீன் தொட்டிக்கும் அதையேதான் ஊற்றுகிறேன்; குளோரின் நீக்கும் சொட்டு மருந்து மட்டும் விடுவேன். பவளத்துக்கு ஆர்.ஓ. - டி.ஐ. கருவி (மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வில் வடித்து, மிச்ச உப்பை ரெசின் மணிகளில் பிடித்து எடுப்பது) வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே தேவையா, வியாபாரத்துக்காகச் சொல்கிறார்களா?

பதில்: தேவைதான். பவளம் வளர்க்கிற எண்ணம் இருந்தால், விலை உயர்ந்த விளக்கைத் தேடுவதற்கு முன்பே தண்ணீருக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

குடிநீரின் தரம் மனித உடம்பை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் போட்டுச் செம்பு மருந்து கொடுப்பார்கள். அயனி வடிவச் செம்பாக இருந்தால் அந்த மருந்தின் அளவு லிட்டருக்கு சுமார் 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். அதையே பவளமும் இறாலும் நத்தையும் தாங்காது என்பதால்தான் தனித் தொட்டி. அதாவது, நாம் கவலையில்லாமல் குடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு போதும், அவற்றுக்கு ஆபத்து. உங்கள் குழாயில் அவ்வளவு செம்பு வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் செம்புக் குழாயிலும் பித்தளை இணைப்பிலும் இரவெல்லாம் தேங்கி நின்ற தண்ணீரில் காலையில் அளவு கூடியிருக்க வாய்ப்பு உண்டு. ‘குடிக்கத் தகுந்தது’ என்ற சான்று உங்கள் இறாலுக்கு எந்த உத்தரவாதமும் தராது.

நைட்ரேட்டும் அப்படித்தான். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது அதே அமைப்பின் வழிகாட்டு அளவு. பவளம் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் 10-க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். குழாய் அரிக்காமல் இருக்க சில இடங்களில் தண்ணீரில் பாஸ்பேட்டையே சேர்க்கிறார்கள். பவளத் தொட்டியில் அது 0.1-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய பொருள். சிலிகேட் இருந்தால் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பாசி படிந்துகொண்டே இருக்கும். துடைத்தால் மறுநாள் மீண்டும் வரும்.

‘கொஞ்சம்தானே இருக்கிறது’ என்று தோன்றலாம். இங்கேதான் கடல் தொட்டியின் கணக்கு வேறு. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்தது எதுவும் கூடப் போவதில்லை. 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,095 லிட்டர், அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்தரை மடங்கு தண்ணீரை நீங்கள் ஊற்றியிருப்பீர்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், மீன் கழிவைச் சேர்க்காமலே, அந்த ஒரு வருஷத்தில் 50-க்கு மேல் ஏற்றுகிற அளவு உள்ளே போயிருக்கும். தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் குறையும், பாக்டீரியாவும் பாசியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மாற்றி ஊற்றும் தண்ணீரும் அதே குழாயிலிருந்துதானே வருகிறது!

நன்னீர் தொட்டியில் இதே தண்ணீர் ஓடியதற்குக் காரணம் உண்டு. செடிகள் இருந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அவற்றுக்கு உணவு. அந்த மீன்களில் பலவும் தாங்கும் சக்தி உள்ளவை. சொட்டு மருந்து செய்வது ஒரே வேலை: குளோரினை முறிப்பது. குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். அதைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் உண்டு, ஆனால் சாதாரண தையோசல்பேட் சொட்டு அதைச் செய்யாது. நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எதையும் எந்தச் சொட்டும் வெளியே எடுப்பதில்லை. ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமைன் லேசில் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும், கரைந்த உப்பு மிச்சத்தில் இன்னும் அடர்த்தியாகும்.

குழாய்த் தண்ணீரிலேயே லெதர் பவளமும் காளான் பவளமும் நன்றாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது, சுத்தமானது. ஆனால் இன்று அப்படி வருவது நாளையும் வரும் என்று யார் சொல்ல முடியும்? ஆற்று நீரோடு ஆழ்துளை நீரைக் கலக்கலாம், குளோரின் அளவைக் கூட்டலாம், குளோரினிலிருந்து குளோரமைனுக்கு மாறலாம். மனிதருக்கு ஆபத்தில்லாத மாற்றம் என்பதால் உங்களுக்குத் தகவல் வர வேண்டிய அவசியமே இல்லை. மீன் மட்டும் வளர்க்கும் கடல் தொட்டி என்றால் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வீட்டில் குடிநீருக்கு ஏற்கெனவே ஆர்.ஓ. சுத்திகரிப்பான் இருக்கிறது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள்) மீட்டரில் 60 காட்டுகிறது. அந்தத் தண்ணீரில் கடல் உப்பைக் கலந்தால் போதாதா?

பதில்: அப்படியே எடுத்துக் கலக்க வேண்டாம். ஆனால் அந்தக் கருவியைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமும் இல்லை.

குடிநீர்க் கருவியில் மெம்பரேனைத் தாண்டி வரும் தண்ணீர் சப்பென்று இருக்கும். அதனால் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வைப்பார்கள். சிலவற்றில் டி.டி.எஸ். திருகு ஒன்று இருக்கும். வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுவது அதன் வேலை. இன்னும் சிலவற்றில் ஆரோக்கியத்துக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் பகுதியே இருக்கிறது. உங்கள் கருவியின் பெட்டியிலோ விளம்பரத்திலோ ‘காப்பர்’ என்ற சொல் இருந்தால், அதன் குழாயிலிருந்து வரும் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடப் பவளத் தொட்டியில் விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். சர்வீஸ் செய்பவரிடம் சொல்லி, மெம்பரேனுக்கு அடுத்து, தாதுப் பகுதிக்கு முன்பாக, ஒரு டி இணைப்புப் போட்டுத் தனிக் குழாய் எடுங்கள். அங்கே டி.டி.எஸ். பாருங்கள். குழாயில் 400 இருந்து, மெம்பரேனுக்குப் பின் 20 காட்டினால் அது 95 சதவீதம் தடுக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது. 80 காட்டினால் மெம்பரேன் ஓய்ந்துவிட்டது அல்லது எங்கோ கலக்கிறது. 20 வரும் தண்ணீரை ஒரு டி.ஐ. ரெசின் குடுவை வழியாக விட்டால் மீட்டர் 0 காட்டும். புதுக் கருவி வாங்கும் செலவில் ஒரு பகுதியோடு வேலை முடிந்துவிடும்.

அந்த 60-ல் என்ன இருக்கிறது என்று மீட்டருக்குத் தெரியாது. அது மின்கடத்தும் திறனைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். 60-ம் கால்சியமாக இருக்கலாம், பாதி நைட்ரேட்டாகவும் இருக்கலாம். 0 என்றால்தான் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமில்லாமல் போகிறது. கடல் உப்புக் கலவையில் கால்சியமும் மெக்னீசியமும் கணக்குப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். சுத்தத் தண்ணீரை நினைத்துப் போட்ட கணக்கு அது.

கேள்வி: தனிக் கருவிதான் வாங்கப் போகிறேன். நான்கு நிலை, ஆறு நிலை, ஏழு நிலை என்று விதவிதமாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நிலைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். வண்டல் ஃபில்டர், கார்பன், மெம்பரேன், டி.ஐ. ஆகிய நான்கும் இதே வரிசையில் இருந்தால் போதும். கார்பனுக்கு இங்கே முக்கிய வேலை உண்டு, குளோரின் பட்டால் மெம்பரேன் கெட்டுவிடும். உங்கள் பகுதியில் குளோரமைன் போடுகிறார்கள் என்றால் அதற்கென்று உள்ள கேட்டலிடிக் கார்பன் கேளுங்கள். யு.வி. விளக்கு, தாது சேர்க்கும் பகுதி, காரத்தன்மை கூட்டும் பகுதி இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்து நான் முதலில் கேட்பது கார்ட்ரிட்ஜின் அளவு. பொதுவான 10 அங்குலக் கார்ட்ரிட்ஜ் என்றால் எங்கும் கிடைக்கும், எந்த நிறுவனத்துடையதும் பொருந்தும். தங்கள் நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் விற்பவர்களிடம் மாட்டினால் காலமெல்லாம் அவர்கள் சொன்ன விலைதான். வண்டல், கார்பன் இரண்டையும் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

அழுத்தம் காட்டும் மானி கட்டாயம் இருக்க வேண்டும். மெம்பரேன் 60 பி.எஸ்.ஐ. அளவில் நன்றாக வேலை செய்யும், 40-க்குக் கீழே போனால் திணறும். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ.தான். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் என்றால் அழுத்தம் கூட்டும் பூஸ்டர் பம்ப் சேர்த்தே விலை கேளுங்கள். அது இல்லாமல் வாங்கிவிட்டு ‘கருவி சரியில்லை’ என்று சண்டை போடுபவர்கள் நிறைய. மெம்பரேனில் 75 கேலன் என்று போட்டிருந்தால், 25 டிகிரி வெப்பத்தில் சரியான அழுத்தத்தில் ஒரு நாளைக்கு சுமார் 280 லிட்டர் என்று பொருள். வீட்டில் பாதி வந்தாலும் உங்கள் தொட்டிக்குத் தாராளம். அதைவிட வேகமானவை பலவற்றில் தடுக்கும் சதவீதம் சற்றுக் குறைவு; பெட்டியில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

டி.ஐ. குடுவை கண்ணாடிபோல் உள்ளே தெரிவதாக இருக்கட்டும், நிறம் மாறும் ரெசினாகவும் இருக்கட்டும். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து நிறம் மாறிக்கொண்டே மெல்ல முன்னேறுவது கண்ணுக்குத் தெரியும். முழுக்க மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ரெசின் ஓயும்போது முதலில் தப்பி வருவது சிலிகா, அது மீட்டரில் சரியாகத் தெரியாது. மீட்டர் 1 காட்டினாலே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. கருவி சும்மா இருக்கும் நேரத்தில் மெம்பரேன் வழியாக உப்பு கசிந்து சுத்தப் பக்கத்துக்கு வந்து நிற்கும். ஓட விட்டதும் வரும் முதல் சில நிமிஷத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, அப்புறம் டி.ஐ. பக்கம் திருப்புங்கள். தினம் ஒரு குடம் பிடிப்பதைவிட வாரம் ஒரு முறை மொத்தமாகப் பிடித்தால் ரெசின் நீண்ட நாள் வரும்.

கேள்வி: ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீருக்கு மூன்று, நான்கு லிட்டர் கழிவாகப் போகிறதாமே. மனசே வரவில்லை.

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ‘கழிவு’ என்பதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஒன்றுக்கு நான்கு என்றால், அந்த நான்கில் உப்பு சுமார் 25 சதவீதம்தான் கூடியிருக்கும். குழாயில் 400 இருந்தால் கழிவில் 500. துணி துவைக்க, தரை துடைக்க, கழிப்பறைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து வையுங்கள். கழிவைக் குறைக்கிறேன் என்று அந்தக் குழாயை நெருக்கி அடைத்தால் மெம்பரேனில் உப்புப் படிந்து சீக்கிரம் வீணாகும்.

கேள்வி: எட்டு மாதமாகக் குழாய்த் தண்ணீரில் ஓடும் தொட்டி. இப்போது கருவி வாங்கிவிட்டேன். ஒரேயடியாக மாற்றலாமா?

பதில்: ஆவியாவதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரை இன்றே மாற்றிவிடலாம். மற்றதை வாரம் 10 சதவீதமாகத் தண்ணீர் மாற்றும்போது படிப்படியாகச் செய்யுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கடினமான குழாய்த் தண்ணீர் இத்தனை நாளும் கார்பனேட்டையும் கால்சியத்தையும் தினமும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் காரத்தன்மை இறங்கலாம். முதல் மாதம் வாரம் இரண்டு முறை சோதித்து, இறங்குகிற அளவுக்கு மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசி உடனே போகவில்லை என்று கருவியைச் சந்தேகப்பட வேண்டாம். பாறையில் ஏறியிருக்கும் பாஸ்பேட் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும். அதற்குப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு துகள்களை ஃபில்டரில் கொஞ்சமாக வைத்து, அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றி வாருங்கள்.