வேலைக்காக லாகோஸ் போகிறேன். ஆப்பிரிக்காவில் இளம்பெண்கள் மாடர்னாக உடுத்துவார்களா? என்ன துணிகள் எடுத்துப் போவது?

கேள்வியில் ‘மாடர்னாக’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 2017 முதல் 2023 வரை லாகோஸில் இருந்தேன், ஓர் இறக்குமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில். முதல் நாள், அம்மா பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த காட்டன் சுடிதாரில் ஆபீஸ் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, பாவமாக, “உடம்பு சரியில்லையா மேடம்?” என்று கேட்டாள். அவள் கண்ணுக்கு நான் படுக்கையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள். அவளோ மடிப்புக் கலையாத பென்சில் ஸ்கர்ட், கோட்டு, தோள் வரை வழியும் விக், பத்து விரலிலும் நகப்பூச்சு. ஆக, அவர்களைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். அந்தக் கண்டத்தில் 54 நாடுகள். எனக்குத் தெரிந்தது ஒரு நாட்டில் ஓர் ஊர், அதிலும் ஆபீஸ் போகும் பெண்கள். அதே நைஜீரியாவில் வடக்கே கானோ போனால் உடை வேறு. அக்ரா, நைரோபி பற்றி அங்கே இருந்தவர்கள் எழுதட்டும்.

லாகோஸ் பெண்ணின் உடை புரிய வேண்டுமென்றால் அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று தெரிய வேண்டும். வாடகை கட்டுப்படியாகும் வீடு மெயின்லேண்டில், ஆபீஸ் ஐலண்டில். நடுவே பதினொரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தேர்ட் மெயின்லேண்ட் பாலம். விடிவதற்கு முன்பே மஞ்சள் டான்ஃபோ வேனில் இடம் பிடிக்காவிட்டால் அந்தப் பாலத்தின் மேலேயே பொழுது விடிந்து வெயிலும் ஏறிவிடும். அதனால் காலில் ரப்பர் செருப்பு, விக் கலையாமலிருக்கத் தலையில் வழுவழு தொப்பி, பைக்குள் ஹீல்ஸ். ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்ப் பத்து நிமிடம் கழித்து வெளியே வருவது வேறு ஆள். முதல் மாதம் எனக்கு இரண்டு ரிசப்ஷன் பெண்கள் இருக்கிறார்கள் என்றே நினைப்பு.

அந்தக் கோட்டு புதிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. யாபா சந்தையில் தரையில் கொட்டி விற்கும் ஓக்ரிகா துணியாக இருக்கும், அதாவது வெளிநாட்டிலிருந்து பேல் பேலாக வந்திறங்கும் பழைய துணி. குனிந்து பொறுக்குவதால் அதற்கு ‘பெண்ட் டவுன் செலக்ட்’ என்றும் பெயர். சட்டப்படி இறக்குமதி செய்யக்கூடாத சரக்கு. சந்தையில் மலை மாதிரிக் கிடக்கும். என் தோழி (அதே ரிசப்ஷன் பெண்தான், பின்னால் நெருங்கிவிட்டோம்) அதில் ஒரு கோட்டு எடுத்து, இடுப்பைப் பிடித்து, பொத்தானை மாற்றிப் போட்டு வந்தால் லண்டனில் வாங்கியது என்று சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மட்டும் கோட்டுக்கு விடுமுறை. அன்று அங்காரா என்கிற பளீர் நிற அச்சுத் துணியில் ஆபீஸே பூத்துக் கிடக்கும். ‘அது ஆப்பிரிக்கத் துணியே இல்லை, டச்சுக்காரன் துணி’ என்று ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். வாங்க. மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பத்திக் துணியைப் பார்த்து ஹாலந்தில் மெஷினில் அச்சடித்தார்கள், ஹெல்மண்டில் 1846-இல் தொடங்கிய விளிஸ்கோ கம்பெனி இன்னும் அடிக்கிறது, இப்போது சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி சீனத்துச் சரக்கு. எல்லாம் சரி. எங்கள் மதுரைச் சுங்குடி சௌராஷ்டிரர்களோடு வந்ததுதான். அதை மதுரைத் துணி இல்லை என்று மதுரைக் கடைவீதியில் நின்று சொல்லிப் பாருங்கள்.

முடி விஷயம் தனிப் புராணம். பின்னல் போட உட்கார்ந்தால் ஐந்தாறு மணி நேரம், சனிக்கிழமை அதோடு போச்சு. நல்ல விக் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும் என்பதால் அதற்காகவே அஜோ கட்டுவார்கள். அஜோ என்றால் நம்ம சீட்டு. ஏலம் கிடையாது, முறை வைத்து எடுப்பார்கள். விக்கில் இருப்பது இந்திய முடி என்றால் மதிப்பு அதிகம். நாலு வயதில் எனக்குத் திருப்பதியில் மொட்டை போட்டதைச் சொன்னபோது தோழி சிரிக்கவே இல்லை. “நீங்கள் கடவுளுக்குச் சும்மா கொடுத்ததற்கு நான் ஆறு மாதம் அஜோ கட்டுகிறேன்” என்றாள்.

2018-இல் அவளுக்குக் கல்யாணம், அபெயோகுட்டாவில். மூன்று மாதம் முன்பே வாட்ஸாப்பில் செய்தி வந்தது: மரகதப் பச்சை லேஸ் 5 கஜம், தலையில் கட்ட பொன்னிறக் கெலே, 30,000 நைரா, கடைசித் தேதி, வங்கிக் கணக்கு எண். அன்றைய மதிப்புக்கு 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் கல்யாண வீட்டார் நெருங்கியவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார்கள். இவள் பத்திரிகையோடு பில்லையும் சேர்த்து அனுப்புகிறாளே! இதற்கு அஷோ எபி என்று பெயர். அங்குள்ள யொரூபா மொழியில் அஷோ என்றால் துணி, எபி என்றால் குடும்பம். ஆபீஸில் சொல்லத்தான் சொன்னார்கள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘அதே பச்சையில் என்னிடம் காஞ்சிபுரம் பட்டு இருக்கிறது, அதைக் கட்டி வருகிறேன்’ என்று பதில் போட்டேன். பெரிய மரியாதை செய்வதாக நினைப்பு. ‘நோ பிராப்ளம், மா’ என்று வந்தது. (அந்த ‘மா’ அங்கே மரியாதைச் சொல். நாம் பாசத்தில் சொல்கிற மா என்று ஏமாந்துவிடாதீர்கள்.)

மண்டபத்தில் நூறு பெண்களுக்கு மேல் அதே பச்சை லேஸில் இருந்தார்கள். ஆனால் ஒருத்தி தைத்தது போல இன்னொருத்தி தைக்கவில்லை. ஒன்று மீன்வால் மாதிரி முழங்காலில் விரிகிறது, ஒன்றில் ஒரே தோளில் பூதாகரமான கை, ஒன்று முதுகே இல்லாமல். துணி எல்லாருக்கும் ஒன்று, போட்டி முழுக்கத் தையலில். கெலேயின் மடிப்புகள் தாமரை மாதிரி நின்றன. நான் பட்டில், மல்லிகைப்பூ கிடைக்காத கொண்டையோடு, ஓர் ஓரத்தில். யாரும் அவமரியாதை செய்யவில்லை. ஜொலோஃப் சோறு வந்தது, கோழி வந்தது, ‘நைஸ் இந்தியன் டிரெஸ்’ என்று மூன்று பேர் சொன்னார்கள். அப்புறம் போட்டோகிராஃபர் “அஷோ எபி லேடீஸ்!” என்று கூப்பிட்டார். என்னையறியாமல் பாதி எழுந்து, குனிந்து கொசுவத்தைச் சரிசெய்வது போல நடித்து, மறுபடி உட்கார்ந்தேன். மணமக்கள் படம் அச்சிட்ட தட்டு, டப்பா போட்ட பை பச்சை லேஸ்காரர்களுக்கு மட்டும் போனது. கடைசியில் பெண்ணின் பெரியம்மா பக்கத்தில் வந்து அன்பாகக் கேட்டார்: “நீங்கள் மாப்பிள்ளையின் ஆபீஸா?”

ஒரு வருஷமாக அவளும் நானும் ஒரே டப்பாவிலிருந்து மதியம் சாப்பிடுகிறோம். மாப்பிள்ளையின் ஆபீஸாம்.

திரும்பி வரும்போது காரில்தான் உறைத்தது, இது மொய். நாம் நோட்டில் எழுதுவதை அவர்கள் மேலே உடுத்துகிறார்கள். அஷோ எபியைப் புனிதமாக்கிப் பேசவில்லை. அங்குள்ளவர்களே வசூல் வேட்டை என்று திட்டுவார்கள். ஒரே மாதத்தில் மூன்று கல்யாணம் வந்தால் சம்பளம் காலி. 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டு, அது விழுந்த பிறகு, பணமில்லாமல் கல்யாணத்துக்கே போகாதவர்கள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். மொய்யிலும் இதெல்லாம் உண்டுதானே.

அடுத்த வருஷம் கணக்குப் பிரிவிலேயே போர்ட் ஹார்கோர்ட் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். செய்தி வந்த அரை மணியில் பணம் அனுப்பினேன். சுருலெரேயில் ஒரு தையல்காரர் வியாழக்கிழமை தருகிறேன் என்றார். வியாழன் போனால் கரண்ட் இல்லை. வெள்ளி போனால் ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிளவுஸ் கைக்கு வந்தது, இடது கை ஏறுகிறது, வலது கை ஏறவில்லை. நான் ஆர்டர் கொடுத்தது இது, வந்தது இது என்று இரண்டு படம் போட்டு இன்ஸ்டாகிராமில் சிரிப்பது அங்கே தேசிய விளையாட்டு. நானும் போட்டேன். முதல்முறையாக ஐம்பது லைக்.

இடுப்பில் கட்டக் கொடுத்த துணிக்கு ஜார்ஜ் என்று பெயர். கட்டிவிட்ட பாட்டி, “இது உங்கள் ஊர்த் துணிதானே, மெட்ராஸ்” என்றார். நான் முழித்தேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறி வந்ததால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். சென்னையில் மூன்று வருஷம் படித்தவள் நான். அந்தக் கோட்டையை பஸ்ஸில் எத்தனை முறை கடந்திருப்பேன்! அந்தப் பாட்டியின் கலபாரி ஜனங்கள் நம் கட்டம் போட்ட மதராஸ் துணியையும் விடுவதில்லை. பிளேடால் நூல் நூலாக வெட்டி உருவி, தங்கள் டிசைனாக மாற்றி, பெலெட்டே பிட்டே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லுங்கி என்று நாம் வாசலில் உலர்த்துவது அங்கே சடங்குத் துணி.

இதை இங்கே வந்து சொன்னால் யார் கேட்கிறார்கள்? பல்லோகுன் சந்தையில் பேரம் பேசி அத்தைக்கு வாங்கி வந்த அங்காரா இப்போது அவர் வீட்டு வாஷிங் மெஷினுக்கு உறை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, ‘பொண்ணு ஆப்பிரிக்காவில் இருக்கிறாள் என்று சொல்லாதே, ஃபாரின் என்று மட்டும் சொல்’ என்று தரகருக்கு உத்தரவு. தம்பியின் காலேஜ் ஃபீஸ் எந்த ஃபாரினிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சரி, இது வேறு கதை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

துணிக்கு வருகிறேன். இரண்டு பெட்டி வேண்டாம். ஆபீஸுக்கு நல்ல அளவில் இரண்டு பேன்ட், நாலைந்து சட்டை, ஒரு கோட்டு, உள்ளாடைகள், உள்பாவாடை. பட்டு ஒன்று இருக்கட்டும், தீபாவளிக்கு. சுடிதார் வீட்டுக்கு மட்டும். மிச்ச இடத்தை நாப்கினுக்கும் சாம்பார் பொடிக்கும் வையுங்கள். அங்காரா முழுத் துண்டு 6 கஜம், நம் புடவை நீளம். கணக்குப் போட எளிது. அபெயோகுட்டா போனால் இட்டோக்கு சந்தையில் அடிரே எடுங்கள், அவுரி நீலத்தில் கையால் சாயம் ஏற்றியது, முதல் சில முறை தனியாகத் துவையுங்கள். கெலே நீங்களே கட்ட முயல வேண்டாம், கட்டிவிடவே ஆள் இருக்கிறார்கள். மூன்று மாதம் முன்பு வாட்ஸாப்பில் ஒரு கணக்கு எண் வந்தால் யோசிக்காமல் அனுப்புங்கள், கையில் பணம் இருந்தால்.

என் தோழியின் தங்கைக்கு இந்த டிசம்பரில் கல்யாணம். நான் வர முடியாது என்று சொல்லியும் ஒயின் நிற லேஸ் 5 கஜம் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அங்கே படம் எடுக்கும் நேரத்தில் நான் அதை உடுத்தி வீடியோ காலில் நிற்க வேண்டுமாம். மதுரை டெய்லர் துணியைத் தூக்கிப் பார்த்து, “ஜன்னல் திரையாம்மா?” என்றார். விளக்கிச் சொல்லி இன்ஸ்டாகிராம் படத்தைக் காட்டினேன். வியாழக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.