கோடாட் எஞ்சினோடு ஏஐ கோடிங் உதவியாளரை இணைப்பது எப்படி?

ஏஐ எழுதித் தரும் ஸ்கிரிப்டை கோடாட் என்ற கேம் உருவாக்கும் எஞ்சினில் ஓட்டினால் பிழை காட்டுகிறது, இரண்டையும் நேரடியாக இணைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐயை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறைதான் வழி: உங்கள் கணினியிலேயே ஒரு சின்ன சர்வர் ஓடும், உதவியாளர் 'கேமை ஓட்டு', 'அவுட்புட்டைக் கொடு' என்று கேட்கக் கேட்க அது எஞ்சினிடம் செய்து வாங்கித் தரும். கோடாட்டுக்கான இலவச சர்வர்கள், கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடைக்கின்றன.

பெரிய லாபம், பிழைச்செய்தி நேராக ஏஐக்கே போவது. உதாரணமாக, கோடாட் 3-ஆம் பதிப்பில் பாத்திரத்தை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைட் ஃபங்ஷனுக்குள்ளேயே வேகத்தைக் கொடுப்போம். 4-இல் அடைப்புக்குள் எதுவும் கிடையாது, வேகத்தை வெலாசிட்டி ப்ராப்பர்ட்டியில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். பழைய கோடைப் படித்து வளர்ந்த ஏஐ இங்கேதான் சறுக்கும். இணைத்துவிட்டால் ஓட்டிப் பார்த்து, சிவப்பு வரியைப் படித்து, பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும்.

கேமின் காட்சியைச் சேமித்து வைக்கும் சீன் கோப்பும் வெறும் டெக்ஸ்ட்தான், அதனால் ஏஐ அதையும் படித்து மாற்றும். ஆனால் எடிட்டரில் திறந்து வைத்திருக்கும் சீனை ஏஐ வெளியிலிருந்து மாற்றி, நீங்கள் கவனிக்காமல் சேவ் செய்தால் ஏஐ செய்த வேலை அழிந்துபோகலாம். அந்த சீனை மூடிவிடுங்கள், அப்புறம் கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் 'கிட்' கருவியில் ஒரு கமிட் (அதாவது இப்போதைய நிலையின் பதிவு) போட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.