மெற்றபரா, மெற்றோனிமியா? "போல" போட்டுப் பாரும்

கிளிநொச்சியில் ஏ.எல்லுக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "சிமிலி (உவமை), மெற்றபர் (உருவகம்) விளங்குது. மெற்றோனிமி, சினெக்டகி வந்தவுடன் எல்லாம் குழம்புது. வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியும் சரிவரவில்லை, என்ன செய்யலாம்?"

தங்கச்சி, பாடமாக்குவதை முதலில் விடும். இந்த இரண்டையும் தமிழ்ப் பாடத்தில் ஆகுபெயர் என்று, அதாவது ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது என்று, ஏற்கெனவே படித்துவிட்டீர். அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு "ஊரே வற்றாப்பளைக்குப் போய்விட்டது" என்கிறோமே, வீடும் வேலியும் கிணறும் எழும்பியா போனது? ஊர் என்றால் அங்கே அதில் இருக்கிற சனம். ஆங்கிலத்தில் "த கிரவுன்" என்று முடியைச் சொல்லி அரசரைக் குறிப்பதும் இதே வேலைதான், அதுதான் மெற்றோனிமி. உறுப்பைச் சொல்லி முழுவதையும் குறித்தால் சினெக்டகி, எங்கட சினையாகுபெயர்: நாங்கள் தலைக்கு ஒரு பார்சல் என்று சாப்பாடு கணக்குப் பார்க்கிற மாதிரி அவர்கள் கப்பலில் வேலை செய்கிறவர்களை "ஹாண்ட்ஸ்" (கைகள்) என்பார்கள். மறுவளமாக, முழுவதைச் சொல்லி உறுப்பைக் குறிப்பதும் சினெக்டகிக்குள் வரும். (synecdoche என்ற எழுத்தைப் பார்த்துக் கடைசியை "டோச்" என்று வாசித்துவிட வேண்டாம், அது "டகி".)

சரி, மெற்றபரில் இருந்து எப்படிப் பிரிப்பது? "போல" போட்டுப் பாரும். "பெரியப்பாவின் கை பாலைக்கட்டை" என்பதில் பாலைக்கட்டை போல என்று போட்டாலும் பொருள் நிற்கிறது, ஆகவே மெற்றபர். "ஊர் போல வற்றாப்பளைக்குப் போனது" என்றால் ஒன்றும் விளங்காது, ஆகவே மெற்றோனிமி. ஆனால் "போல" கண்ட இடமெல்லாம் சிமிலி என்று கோடு கீறவும் கூடாது, "மழை வரும் போல கிடக்கு" வெறும் ஊகம், அதில் ஒப்பீடே இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் இலக்கணம் உம்மை ஏமாற்றும். "பாவை வந்தாள்" என்பதை நாங்கள் உவமையாகுபெயர் என்று ஆகுபெயரோடு சேர்த்து வைத்திருக்கிறோம், ஆங்கிலக்காரருக்கு அது மெற்றபர். பெயரைப் பார்த்து மயங்காமல் "போல" சோதனையையே நம்பும், பாவை போன்றவள் என்று அழகாக நிற்கும்.

அப்புறம், விடையில் பெயரை மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி வேலைதான். கையை ஏன் பாலைக்கட்டை என்றார், பாலை மரத்தின் உறுதியையா வேலை செய்து காய்த்துப்போனதையா காட்டுகிறார் என்று இரண்டு வரி எழுதும். சிமிலியை ஆங்கிலத்தில் (simile) எழுதும்போது எஸ்ஸுக்குப் பிறகு வருகிற "i" எழுத்தையும் விட்டுவிடாதேயும், ஸ்மைல் (smile) என்று எழுதின தாள் என்னிடம் ஒரு கட்டுக் கிடக்கு.